நான்காவது பெட்டி

எங்கள் அலுவலகத்தில் நாள் முழுக்க நான் கேட்கிற சொல் ஒன்றுதான்: ஸ்லோ. லிஃப்டில் கேட்பேன், கேன்டீனில் வடாபாவ் கையில் இருக்கும்போது கேட்பேன், ஒருமுறை கழிப்பறையில் பக்கத்தில் நின்றவர்கூடச் சொன்னார். சர்வர் வேகமாக ஓடும் நாளில் யாருக்கும் என் ஞாபகம் வராது. அதில் எனக்கு வருத்தமில்லை. யாருக்கும் ஞாபகம் வராமல் இருப்பதுதான் என் வேலையின் லட்சணம்.

செம்பூரில், கடலோரத் தண்ணீரை ஆராயும் ஒரு சின்ன நிறுவனம். மாட்டுங்காவில் வீடு, கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறினால் சீக்கிரமே போய்விடலாம். அங்கே யாருடைய ஃபைலும் அவரவர் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் இருக்காது. பின்பக்கம் ஏசி அறையில் உள்ள பெரிய பெட்டிகளில் ஆளுக்கொரு ஹோம் டைரக்டரி இருக்கும். எந்த நாற்காலியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தாலும் உங்கள் சாமான் முழுவதும் உங்கள் முன்னால் வந்து நிற்கும். யாரை எந்தப் பெட்டியில் வைப்பது, யாருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது, எந்தப் பெட்டிக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்த்துக்கொள்கிறவன் நான். அம்மாவுக்கு இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். கடைசிவரை அவள் அக்கம்பக்கத்தில் என் பிள்ளை கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது எங்களிடம் மூன்று பெட்டிகள். ஸ்டேஷன் பெயர் வைத்திருந்தேன்: மாட்டுங்கா, குர்லா, செம்பூர். முதலில் ஆங்கில எழுத்து வரிசைப்படி ஆட்களைப் பிரித்தேன். அது சரிப்படவில்லை. இடம் அதிகம் பிடிக்கிறவர்தான் பாரம் என்று நினைத்தேன், அதுவும் தப்பு. சாலில், வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவான குழாயைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரே டிரம்மைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போகிறவரால் வரிசை கெடாது. சொம்பை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிவருகிறவரால்தான் எல்லோரும் நிற்க வேண்டிவரும்.

அப்படி அடிக்கடி சொம்பெடுத்து வந்தவர் ஒரு பெண். ஒப்பந்த வேலை, டேட்டா என்ட்ரி. என்னைவிட நாலைந்து வயது பெரியவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி. முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டு, அங்கேயே ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் படித்தவர். அந்த அறையில் கரண்ட் நினைத்தபோதெல்லாம் போகுமாம். அதனால் ஒரு வரி அடித்தால் உடனே சேவ் பண்ணுவார். இன்னொரு வரி, இன்னொரு சேவ். எங்கள் அலுவலகத்தில் கரண்ட் போகாது என்று சொன்னாலும் அவர் விரல் கேட்காது.

அவருக்குக் கொடுத்திருந்த வேலையும் அப்படிப்பட்டது. டிராம்பே பக்கத்துக் கழிமுகத்தில் படகில் போய்த் தண்ணீர் எடுத்தவர்கள் வருடக்கணக்காக எழுதிவைத்த நோட்டுகள். எந்த மணிக்கு எவ்வளவு ஏற்றம், எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு. பாதி எழுத்து ஈரத்தில் ஊறிப்போயிருக்கும். மூன்றா எட்டா என்று தெரியாவிட்டால் ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். எல்லாவற்றையும் ஒரே பெரிய ஷீட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்த நோட்டுகளைப் பூஞ்சை பிடித்தவை என்று ஸ்டோர்காரர்கள் அவ்வப்போது பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரரிடம் போட்டுவிடுவார்கள். வேலை முடிந்ததும் அவரை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. பட்டியலில் பெயர் ஏறியிருந்தது. அந்த வருடம் அவர் அது ஒன்றைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷீட் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு சேவுக்கும் அது முழுவதும் மறுபடி எழுதப்படும். அவர் இருந்த குர்லா பெட்டியில்தான் ஒரு மூத்த விஞ்ஞானியின் குழுவும் இருந்தது. அவர் என் அறை வாசலில் நின்றுகொண்டு, இந்தியும் ஆங்கிலமும் கலந்து, இப்படியே போனால் டைரக்டரிடம் பேச வேண்டியிருக்கும் என்றார். யார் அதிகம் எழுதுகிறார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தேன். முதல் இடத்தில் அக்காவின் பெயர். இரண்டாவது பெயர் வெகு தூரத்தில் இருந்தது.

கொஞ்சம் குறைவாகச் சேவ் பண்ணுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜாக்கிரதையாக இருக்கிற ஒருவரிடம் ஜாக்கிரதையைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது எப்படி? இடத்தை மாற்றுவது சுலபம். ஸ்டோரில் கிடந்த ஒரு பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்தேன். ஏசி அறையில் இடமில்லை, ஸ்டோர் ஜன்னல் அடியிலேயே வைத்து ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் சொருகினேன். அதற்கு ஸ்டேஷன் பெயர் வைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு எதற்குப் பெயர் என்று விட்டுவிட்டேன்.

புது சர்வர் வாங்கும்வரை உங்கள் ஃபைல்கள் வேறு மிஷினில் இருக்கும், மூன்று மாதத்தில் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“எங்களயும் மூணு வருசம்னு சொல்லித்தான் சார் ஆண்டாப் ஹில் டிரான்ஸிட் கேம்ப்புக்கு அனுப்புனாவ. ஒம்பது வருசமாச்சு.” குடிசைக்குப் பதில் வீடு கட்டித் தரும்வரை தங்கவைக்கிற இடம் அது. அப்புறம், “எழுதித் தருவியளா சார்?” என்றார்.

அவர் கைப்பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். சர்வே சீட்டு, கரண்ட் பில், ரேஷன் கார்டு நகல், மாமனார் பெயரில் ஒரு பழைய ரசீது எல்லாம் அதில் இருந்தன. ஒருமுறை மதியச் சாப்பாட்டின்போது ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியிருக்கிறார். தாராவியில் குடிசையைக் கணக்கெடுக்க வருகிறவர்களிடம் வாய்ப்பேச்சு எடுபடாது, காகிதம் வேண்டும். அதனால் அவர் வீட்டில் எந்தத் தாளையும் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். அன்று என்னிடம் பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். இதற்கெல்லாம் யாராவது எழுதித் தருவார்களா என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

பழைய பெட்டி நொண்டியது. சேவ் பண்ணினால் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது என்று இரண்டாம் நாளே வந்து சொன்னார். அதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. சாதாரணமாக, எழுதச் சொன்னதை டிஸ்கில் எழுதி முடித்த பிறகுதான் சர்வர், ஆயிற்று என்று பதில் சொல்லும். அமைப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால், எழுதுவதற்கு முன்பே ஆயிற்று என்று சொல்லிவிடும். நிதானமாகப் பிறகு எழுதிக்கொள்ளும். கேட்டவருக்குப் பறக்கிற மாதிரி இருக்கும். இடையில் கரண்ட் போனால் போனதுதான். விவரம் தெரிந்தவர்கள், ஆட்களின் ஃபைல்கள் இருக்கிற பெட்டியில் இதைச் செய்யவே மாட்டார்கள். எனக்கு விவரம் தெரியும். கொஞ்ச நாளைக்குத்தானே என்று செய்தேன். அக்கா மறுநாள் ஒரு டப்பாவில் அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார், இப்போது நன்றாக ஓடுகிறது என்று.

இரவுதோறும் நடக்கிற பேக்கப்பில் மூன்று ஸ்டேஷன்களின் பெயர்தான் இருந்தது. நாலாவதைச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பதில், வெள்ளிக்கிழமைதோறும் நானே கையால் ஒரு நகல் எடுத்துவைத்தேன். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. ஹோலிக்குப் பிறகு தலைக்கு மேல் வேலை, மறந்தேபோனேன். மூன்று மாதமும் ஆறு மாதம் ஆகிவிட்டது. புது சர்வர் வரவில்லை. குர்லா வேகமாக ஓடியது. மூத்த விஞ்ஞானி லிஃப்டில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஜூலையில் ஒரு மதியம், டீ வருகிற நேரம். வெளியே ஓயாத மழை. டிராம்பே சாலையில் எங்கோ ஏதோ வெடித்தது போலச் சத்தம், விளக்குகள் அணைந்தன. ஏசி அறையின் பெரிய யூபிஎஸ் மூன்று பெட்டிகளையும் தாங்கிக்கொண்டது. ஸ்டோரில் இருந்த சின்ன யூபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை.

கரண்ட் வந்து கொஞ்ச நேரத்தில் அக்கா என் அறைக்கு வந்தார். ஷீட் திறக்க மாட்டேன் என்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். ஃபைலின் பெயர் இருந்தது, அளவு பூஜ்யம். சேவ் பண்ணும்போது பழையதைக் காலி செய்துவிட்டுத்தான் புதியது எழுதப்படும். காலி செய்தது டிஸ்குக்குப் போய்விட்டது. எழுத வேண்டியது போகவில்லை. அவர் திரையில் சேவ் ஆயிற்று என்று வந்திருக்கும். என் பெட்டி அப்படிச் சொல்லியிருக்கும், அப்படிச் சொல்லும்படி நான்தானே வைத்திருந்தேன். என்னிடம் இருந்த கடைசி நகல் மார்ச் மாதத்துடையது. அதற்குப் பிறகு ஏற்றிய நோட்டுகள் எல்லாம் ரத்திக்காரரோடு போய்விட்டிருந்தன.

அவர் அழவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் சேவ் பண்ணினேம்லா சார்? உங்க மிஷின்ல தெரியும்லா. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

“அதுல ஒண்ணும் தெரியலை அக்கா” என்றேன்.

ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் போன பிறகு, நடந்ததையெல்லாம் சர்வர் குறித்துவைக்கிற லாகைத் திறந்து பார்த்தேன். அன்று காலையிலிருந்து அவர் இருநூற்றுப் பதினான்கு முறை சேவ் பண்ணியிருந்தார். கடைசிச் சேவ், கரண்ட் போவதற்கு நாலு வினாடி முன்பு. அந்த லாக் இரண்டு வாரத்தில் தானாக அழியும். நான் அழிக்கவில்லை. அழியவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து டைரக்டர் அறையில் கூட்டம். மூத்த விஞ்ஞானியும் இருந்தார். என்ன நடந்தது என்று கேட்டார்கள். கரண்ட் போனபோது ஃபைல் திறந்திருந்தது, கடைசிச் சேவ் சரியாக ஆகவில்லை போலிருக்கிறது என்றேன். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அந்தச் சொற்களில் பொய்யே இல்லை என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். கூட்டக் குறிப்பில் அது ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ ஆகிவிட்டது. குறிப்பின் நகல் எனக்கும் வந்தது, படித்தேன். திருத்தம் இருந்தால் மூன்று நாளுக்குள் சொல்லவும் என்று கீழே போட்டிருந்தார்கள். மூன்று நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது வீட்டுக் கடன், கைக்குழந்தை. எல்லோருக்கும் ஏதாவது இருக்கத்தான் செய்கிறது. அக்காவுக்கும் இருந்தது.

பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். செப்டம்பரோடு ஒப்பந்தமும் முடிந்தது. கடைசி நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு என் அறைக்கும் வந்தாராம். நான் ஸ்டோருக்குள் போய், இல்லாத ஒரு கேபிளைத் தேடிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு நான் ரொம்ப ஒழுங்காகிவிட்டேன். நாலாவது பெட்டியைக் கழற்றினேன். எந்தப் பெட்டியிலும் எழுதும் முன் பதில் சொல்கிற வேலையே இல்லை. ஸ்லோ என்று கத்தினால் கத்தட்டும். புதிதாக ஒரு டைரக்டரி பிறந்தால் அது தானாகவே பேக்கப்பில் சேரும்படி எழுதிவைத்தேன். யூபிஎஸ் பேட்டரிகளை மாதத்துக்கு ஒருமுறை நானே கழற்றிப் பார்க்கிறேன். பாரத்தைப் பிரிக்கும்போது அடிக்கடி சேவ் பண்ணுகிறவர்களைத்தான் நல்ல பெட்டியில் வைக்கிறேன். இத்தனை வருடத்தில் யாருடைய ஒரு ஃபைலும் தொலையவில்லை என்று ஆண்டு விழாவில் சால்வை போட்டார்கள். இத்தனை வருடத்தில் என்று அவர்கள் எண்ணத் தொடங்கியது, அந்த ஜூலைக்கு அடுத்த மாதத்திலிருந்து. மேடையில் எனக்கு அழுகை வந்தது. பணிவு என்று நினைத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

போன மாதம் மகளின் கல்லூரி விண்ணப்பத்தை நகல் எடுக்க மாட்டுங்காவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பெரிய கூட்டம். தாராவியில் மறுபடி கணக்கெடுக்கிறார்கள், அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கேயும் வந்து நிற்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு முன்னால் நின்றவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. ஓரம் பழுப்பேறி, டேப் ஒட்டியிருந்தது. ஆளைத் தெரிவதற்கு முன்னால் எனக்கு உறையைத் தெரிந்துவிட்டது.

முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்து உடனே சிரித்தார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அம்மா போய்விட்டதைச் சொன்னேன். இன்னும் டிரான்ஸிட் கேம்ப்பில்தான் இருக்கிறாராம். கணவர் போன வருடம் தவறிவிட்டார், சீட்டெல்லாம் அவர் பெயரில் இருப்பதால் மாற்ற அலைச்சல் என்றார். இப்போது ஒரு பால்வாடியில் ஹெல்பராக இருக்கிறார். கம்ப்யூட்டர் வேலைக்கு அப்புறம் போகவே இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இல்ல சார். நம்ம கை நம்பிக்கை இல்லாத கைன்னு ஆயிப்போச்சுல்லா. பிள்ளையள எண்ணுததுக்குக்கூட ரெண்டு தடவ எண்ணுதேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “அன்னைக்கு என்னால உங்களுக்கும் கெட்ட பேரு வந்திருக்கும். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன், நீங்க ரூம்ல இல்ல.”

வரிசையிலிருந்து அவரை ஓரமாகக் கூட்டிப்போனேன். பஸ் போகிற சத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். குர்லாவிலிருந்து அவரை ஏன் நகர்த்தினேன், எந்தச் சொல்லை மாற்றினேன், பேக்கப்பில் ஏன் சேர்க்கவில்லை, லாகில் என்ன இருந்தது. முடிந்ததும் அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

“அப்பம் நான் சேவ் பண்ணித்தான் இருக்கேன்?”

“ஆமா அக்கா. அன்னைக்கு மட்டும் இருநூத்திப் பதினாலு தடவை.”

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்காரருகிட்ட நான் பண்ணினேன்னுதான் சொன்னேன்” என்றார். “அவரு நம்பல. சாவுத வரைக்கும், எங்கயாவது ஏதாவது மறந்தா அதையே சொல்லிக் காட்டுவாரு. நாளாக நாளாக நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன்.”

மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. உறையைத் திறந்து, காகிதங்களை ஒழுங்குபடுத்தி, மறுபடி மூடினார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

“எழுதித் தருவியளா சார்?”

யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குள் ஒரு பயம் ஓடியது, இத்தனைக்குப் பிறகும். யாரிடமும் இல்லை, தன்னிடம் இருக்கட்டும் என்றார்.

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினேன். கண்ணாடி அலமாரிமேல் வைத்துத் தமிழிலேயே எழுதினேன். சர்வர், அமைப்பு, மின்தடை என்று பாதிப் பக்கம் போயிற்று. அவர் வாங்கி, வரிக்கு அடியில் விரலை ஓட்டிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இது தனக்கே விளங்கவில்லை என்றார். இன்னொரு தாள் வாங்கி எழுதினேன்: இவர் தன் வேலையை ஒழுங்காகச் சேமித்திருந்தார். அது அழிந்தது என் தவறால். எனக்கு அது அன்றே தெரியும், சொல்லாமல் மறைத்தேன். இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு, கீழே என் பதவியையும் எழுதச் சொன்னார். எழுதினேன். இன்றைய தேதியைப் போடப் போனேன்.

“அன்னைக்குள்ள தேதியப் போடுங்க” என்றார்.

பேனா அப்படியே நின்றது. ஜூலை என்று தெரியும், மழை என்று தெரியும். தேதி எனக்கு நினைவில்லை. எந்த வருடம் என்பதையே விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. அவரே தேதியையும் வருடத்தையும் சொல்லி, அன்று வியாழக்கிழமை என்றும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.